சொட்டு நின்ற வீடு

1. தேங்க்ஸ் சொல்ல வந்த போன்

இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஃபிரிட்ஜில் ஆரம்பித்து ஏ.சி.க்கு வந்து, கடைசி ஆறேழு வருடமாக ஹீட் பம்ப் வெந்நீர் சிஸ்டம் மாட்டுகிறேன். திட்டிக்கொண்டு வந்த போன்கள் எத்தனையோ உண்டு. அதற்கெல்லாம் நான் பதறியதில்லை. ஒரே ஒரு தடவை பதறினேன், அது தேங்க்ஸ் சொல்ல வந்த போன்.

ஏப்ரல் மாதம், காலை பத்து மணி இருக்கும். வேளச்சேரியில் ஒரு அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் வேலையாக இருந்தேன். போனில் மயிலாப்பூர் பத்மா மாமி. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் வீட்டு மாடியில் முந்நூறு லிட்டர் டாங்க் ஒன்று மாட்டிக் கொடுத்திருந்தேன்.

"பாய், உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். அந்தச் சொட்டு நின்னுடுத்து."

"எப்படி மாமி நின்னுச்சு?"

"நம்ம பிளம்பர் மணி வந்திருந்தான், தொட்டியில மிதவை மாத்த. போற போக்குல பார்த்துட்டு அந்தக் குழாய் வாயில ஒரு மூடி போட்டுட்டான். மூணு நாளாச்சு, ஒரு பொட்டு ஜலம் விழலை. நீங்க நார்மல் நார்மல்னு சொல்லிண்டே இருந்தேள், அவன் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டான்."

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மாமா எங்க இருக்காரு மாமி?"

"மாடியில. வடாம் காயறது, காக்கா வராம காவல் இருக்கார். உங்க டாங்க் நிழல்லதான் நாற்காலி போட்டுண்டு உக்காண்டிருக்கார். மாடியில வேற நிழலே இல்லையே."

2. பிப்ரவரியில் நான் சொன்ன ஒரு வார்த்தை

எதற்காக இவ்வளவு பதறினேன் என்பது புரிய வேண்டுமானால் அந்த டாங்க்கை மாட்டிய கதையைச் சொல்ல வேண்டும்.

ஹீட் பம்ப் என்றால் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஏ.சி. வீட்டுச் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சென்னையில் வெளிக்காற்றில் சூட்டுக்கு என்ன பஞ்சம்? மாமி வீடு மூன்று தளம். கீழே மாமியும் மாமாவும், மேலே இரண்டு பிள்ளைகள் குடும்பம். நான்கு பாத்ரூம், நான்கு கீசர். அதையெல்லாம் கழற்றிவிட்டு மாடியில் ஒரே டாங்க் என்று முடிவாயிற்று.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. டாங்க் தண்ணீரோடு சேர்த்து நானூறு கிலோ வரும். துணிக்கொடிக்கு இடைஞ்சல் இல்லாமல் மாடி நடுவில் வைத்துவிடுங்கள் என்றார் மாமி. கூரை நடுவில் அவ்வளவு எடையை வைக்க மாட்டேன் என்று சொல்லி, கீழே இரண்டு சுவர் எங்கே வருகிறது என்று அளந்து, அந்தச் சுவர்களின் தலைக்கு மேல் கால் வருகிற மாதிரி இரும்பு ஸ்டாண்ட் அடித்தேன். புயல் வந்தால் பறந்துவிடுமா என்று மாமா கேட்டார். ஸ்டாண்டைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிக் காட்டினேன். வீட்டின் எர்த்தைப் பார்த்தால் பேருக்குத்தான் எர்த், பாதி இடத்தில் ஒயரே இல்லை. புதிதாகக் குழி தோண்டி எர்த் கொண்டுவந்தேன். கரண்ட் ஒழுகினால் கண் இமைக்கிற நேரத்தில் அதைத் துண்டிக்கிற பிரேக்கர் போட்டேன். வயதானவர் தோல் பொத்துப் போகாமல் இருக்க, குழாயில் வரும் சூட்டைக் குறைத்துக் கலந்து விடுகிற வால்வும் வைத்தேன்.

மேல் தளத்தில் ஷவர் வேகமாக விழ வேண்டும் என்று பெரிய பிள்ளை ஒரு பிரஷர் பம்ப் வாங்கி வைத்திருந்தார். மோட்டார் தள்ளுகிற தண்ணீர் டாங்க்குக்குள் போகும், திரும்பி வராது. அதாவது டாங்க் நான்கு பக்கமும் மூடிய பாத்திரம். தண்ணீர் சூடானால் பருமன் கூடும். முந்நூறு லிட்டர் காய்ந்தால் மூன்று, நான்கு லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். டாங்க் இரும்பு, அது விட்டுக் கொடுக்காது. அந்தக் கூடுதல் தண்ணீர் வெளியேற இருக்கிற ஒரே வாசல், பக்கவாட்டில் இருக்கிற சேஃப்டி வால்வு. சூடு ஏறுகிறபோது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். விழ வேண்டும். அந்த வீட்டில் காலையிலும் மாலையிலும் காயும் என்பதால் ஒரு நாளைக்கு அரை பக்கெட் போகும்.

சாவி ஒப்படைக்கிற மாதிரி ஸ்விட்ச்களையும் குழாய்களையும் காட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, மாமி மாடிப்படி அடியில் நின்று கேட்டார்.

"மாமா சொல்றார், அது சொட்டிண்டே இருக்காமே?"

"அது நார்மல் மாமி. கண்டுக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வேலைக்குத் தி.நகரில் ஆள் காத்துக்கொண்டிருந்தார். பிறகு மார்ச்சில் இரண்டு தடவை அதே சொட்டுக்காகப் போன் செய்தார். இரண்டு தடவையும் அதே நார்மல். முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வால்வில் சிவப்பு அட்டை தொங்கியது, அடைக்காதே என்று. அது இங்கிலீஷில் இருந்தது. மாமிக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், ஆனால் முழங்கால் வலியால் மாடி ஏறி நான்கு வருடம் ஆகிறது. மாடிக்குப் போகிற மணிக்கு இங்கிலீஷ் தெரியாது.

3. நாலாவது பக்கெட்

மூடி போட்டதும் டாங்க் உடனே வெடித்துவிடும் என்று இல்லை. அது சரியான நிலையில் இருந்தால் அறுபது டிகிரியில் தானே ஆஃப் ஆகிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவை காயும்போதும் போக வழியில்லாத தண்ணீர் வெல்டிங்கையும் ஜாயின்டையும் நெட்டிக்கொண்டிருக்கும். எங்கே பலவீனமோ அங்கே ஒரு நாள் பிய்த்துக்கொண்டு வரும். ஆஃப் ஆகிற சென்சார் ஒரு நாள் கோளாறு செய்தால் அப்புறம் சொல்லவே வேண்டாம். மூன்று நாளாக அது ஆறு தடவை காய்ந்திருக்கிறது. காலைக் குளியல் முடிந்து இப்போது ஏழாவது தடவை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு எழுபத்தெட்டு வயது மனிதர் உட்கார்ந்திருந்தார்.

வண்டியை எடுத்தால் மயிலாப்பூர் போய்ச் சேர, மெட்ரோ தடுப்புகளைச் சுற்றி, முக்கால் மணி நேரம் ஆகும். போனில் நிற்பதுதான் சரி என்று பட்டது.

"மாமி, போனை வெக்காதீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லையே, எல்லாரும் ஆபீஸ் போயாச்சு. ஏன் பாய், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மெயின் போர்டுல பச்சை ஸ்டிக்கர் ஒட்டின ஸ்விட்ச் இருக்குல்ல, அதைக் கீழ தள்ளுங்க."

தள்ளும் சத்தம் கேட்டது. சூடு ஏறுவது நின்றது.

"இப்ப பாத்ரூம் போயி வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்க. கொஞ்சமா, பென்சில் கனத்துக்கு. கை வெக்காதீங்க. மூடாதீங்க."

குழாயைத் திறந்தால் உள்ளே இருக்கிற நெருக்கடிக்கு ஒரு வாசல் கிடைக்கும். தண்ணீர் விழும் சத்தம் போனில் கேட்டது. எனக்கு மூச்சு வந்தது. அடுத்ததாக மாமாவைக் கீழே இறக்க வேண்டும். அவரிடம் போன் இல்லை, காது மெஷினை வியர்வை படக்கூடாது என்று கீழே டப்பாவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். யாராவது ஏறித்தான் கூப்பிட வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"மாமி, தண்ணி நின்னுடுச்சே?"

"மூணு பக்கெட்டும் ரொம்பிடுத்து பாய். நான்தான் மூடினேன். தண்ணி லாரிக்குப் பதிவு பண்ணி நாலு நாளாச்சு, இன்னும் வரலை. தரையில விடச் சொல்றேளா?"

அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. இந்த மனுஷிக்கு நான் இன்னும் விஷயத்தைச் சொல்லவே இல்லை. இரண்டு மாதமாக நார்மல், கண்டுக்காதீங்க, திறங்க, மூடாதீங்க என்று உத்தரவு மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

"மாமி, நிதானமா கேளுங்க. குக்கர்ல விசில் வர்ற இடத்தை அடைச்சிட்டு அடுப்பை ஏத்தினா என்ன ஆகும்? அந்த மூடி அதுதான். அந்தச் சொட்டுதான் டாங்க்கோட விசில். மாமா அது பக்கத்துல உக்காந்திருக்காரு. குழாயைத் திறந்து விட்டுட்டு அவரைக் கீழ கூட்டிட்டு வரணும்."

பிறகு குழாய் திறக்கும் சத்தம். நாலாவது பாத்திரமாக ஏதோ அண்டாவை இழுத்து வைத்தார் போலிருக்கிறது, தகரச் சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம்.

நான்கு வருடம் ஏறாத படி. மூன்று தளம். ஒவ்வொரு படிக்கும் அவர் மூச்சு வாங்குவது என் காதில் கேட்டது. "மெதுவா மாமி" என்று சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். இரண்டாவது தளத்தில் நின்று, "போயிண்டிருக்கேன் பாய்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வேளச்சேரி மாடியில் நின்றுகொண்டு அல்லாவைக் கூப்பிட்டேன். வேறு எதுவும் என் கையில் இல்லை.

கடைசியில் மாடிக் கதவு திறந்தது. மாமா காதில் விழட்டும் என்று மாமி கத்தினார்.

"ஏன்னா, எழுந்திருங்கோ. இந்தப் பக்கம் வாங்கோ."

தூரத்தில் மாமா குரல். "நீ எதுக்கு மேல ஏறினே? மழை வரதா?"

"டாங்க்கை விட்டுத் தள்ளி வாங்கோன்னா."

"வடாம் ஈரமா இருக்கு. இப்ப வந்தா காக்கா ஒண்ணு விடாது."

"வடாம் போனாப் போறது. நீங்க வாங்கோ."

அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு சாத்தியதும் மாமி சொன்னார், "வந்துட்டார் பாய். ரெண்டு பேரும் படியில உக்காண்டிருக்கோம்." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

4. மணி கேட்ட கேள்வி

நான் போய்ச் சேர்ந்தபோது வடாம் விரித்த வேட்டியில் காக்கைகள் விருந்தை முடித்துக்கொண்டிருந்தன. டாங்க்குக்குத் தண்ணீர் போகிற வால்வை மூடினேன். கீழே குழாயில் தண்ணீர் முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு, மூடியை ஒவ்வொரு மரையாகத் திருகி எடுத்தேன். சாதாரணமாகக் கொஞ்சம் தண்ணீர் வழிந்தது, அவ்வளவுதான். பிறகு சுற்றிப் பார்த்தேன். வெந்நீர் வெளியே போகிற ஜாயின்டில் ரப்பர் வாஷர் ஒரு பக்கமாகப் பிதுங்கி, நாக்கை நீட்டியது போல் வெளியே வந்திருந்தது. அதற்கு நேர் எதிரே, இரண்டு அடி தூரத்தில், மாமாவின் நாற்காலி. அதை மாமியிடம் காட்டவில்லை. மாமாவிடம் மட்டும் காட்டினேன். அவர் வாஷரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டார்.

டாங்க்கை விற்று என்னை மாட்ட அனுப்பிய டீலருக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் முதலில் காகிதத்தைத் தேடுகிறவர்.

"கஸ்டமர் கை வெச்சுட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடு காதர். நம்ம மேல வராது."

"எழுதறேன் சார். அதுக்கு மேல இன்னொரு வரியும் எழுதணும். மூணு தடவை கேட்டாங்க, நான் விளக்கமா சொல்லலைன்னு."

"உனக்கு ஏன்யா இந்த வேலையத்த வேலை?" என்றார். ஆனால் நான் கேட்ட சாமான்களை மதியமே அனுப்பி வைத்தார்.

மணியை வரச் சொல்லியிருந்தேன். மாமி வீட்டுக் குழாய் வேலையெல்லாம் பல வருடமாக அவன்தான். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மணி, சேஃப்டி வால்வுல மூடி போட்டுக்கீறே? அறிவு கீதா உனக்கு?"

அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"சொட்டினு கீது, அடைச்சேன். சொட்டுனா அடைக்கறதுதானே என் வேலை? அடைக்காத போனா இந்த மாமி என்னை வுட்ருவாங்களா? ஊரே குடத்தத் தூக்கினு லாரி பின்னால ஓடுது, நீ இன்னாடான்னா மாடில அரை பக்கெட்டு தண்ணிய தரையில ஊத்தினு கீறே. ஏன் பாய், அதைப் புடிச்சு வெக்க ஒரு வழி பண்ண உனக்குத் தோணலையா?"

உண்மையிலேயே தோணவில்லை. சொட்டு விழுகிறதா என்று பார்த்தேன், அது எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. கம்பெனி புத்தகத்தில் வடிகாலில் விடு என்று இருந்தது, விட்டேன். புத்தகம் எழுதினவன் ஊரில் தண்ணீர் லாரி கிடையாது. இந்த ஊரில் ஒரு வீட்டுக்காரம்மாவிடம் தினமும் அரை பக்கெட் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிரு என்று சொன்னால், அவர் இன்றில்லாவிட்டால் நாளை அதை அடைக்கத்தான் செய்வார்.

மறுநாள் மணியும் நானும் சேர்ந்து வேலை செய்தோம். வாஷர்களை எல்லாம் மாற்றி, வால்வையும் புதிதாகப் போட்டேன். காய்கிற தண்ணீர் கொஞ்சம் விரிந்துகொள்ள, உள்ளே ரப்பர் பை வைத்த சின்ன சிலிண்டர் ஒன்றைக் குளிர்ந்த தண்ணீர் வருகிற பைப்பில் சேர்த்தேன். அதிலேயே சொட்டு பெருமளவு குறைந்துவிடும். வால்விலிருந்து வருகிற பைப்பை எங்கும் மேடு ஏறாமல், நடுவில் வேறு வால்வு எதுவும் இல்லாமல், சுவரோரமாக இறக்கிப் பின்கட்டுத் துவைக்கிற கல் வரைக்கும் கொண்டுவந்தோம். முனை, கீழே வைத்த டிரம்முக்கு ஒரு சாண் மேலே நிற்கும். விழுவது கண்ணுக்குத் தெரியும், விழுந்தது துவைக்க உதவும். சுடலாம் என்பதால் டிரம்மைச் சுற்றி மணி ஒரு கம்பித் தடுப்பும் கட்டினான். பைப் முனையில் மரை வைக்காமல் சாய்வாக அறுத்துவிட்டேன், எந்த மூடியும் அதில் நிற்காது.

சிவப்பு அட்டையைக் கழற்றிவிட்டுத் தமிழில் ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அழுத்த விடுவிப்பு என்று ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு மணி பேனாவைப் பிடுங்கினான்.

"யாருக்குப் புரியும் இது? எழுது. இங்க மூடி போட்டா டாங்க் வெடிக்கும். சொட்டு நின்னா காதர் பாய்க்குப் போன் பண்ணு."

அப்படியே எழுதி மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று ஒட்டினேன். மாமி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, டிரம்மை எட்டிப் பார்த்தார். சோதனைக்கு ஒரு தடவை காய வைத்ததில் அடி நனைகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா பாய்? நான் பாட்டுக்கு இதுல புடவையை நனைச்சுண்டிருப்பேனே."

"தப்புதான் மாமி," என்றேன். அவர் சிரித்துவிட்டார். மாமா மட்டும், போன வடாமுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

5. கூப்பிடாதவர்கள்

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு இதிலிருந்து சொல்ல எனக்கு ஒன்று உண்டு. ஸ்டாண்ட், எர்த், பிரேக்கர் எல்லாம் அளந்து போடுங்கள், அதில் சமரசமே கூடாது. அதோடு, வீட்டுக்காரர் மூன்றாவது தடவை ஒரே கேள்வியைக் கேட்டால் அவருக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். நீங்கள் சொல்லவில்லை என்று அர்த்தம். நார்மல் என்ற வார்த்தையை நான் அதோடு விட்டுவிட்டேன்.

மாமி வீட்டு வேலை முடிந்த அன்று சாயங்காலம் என் பழைய சர்வீஸ் டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரஷர் பம்ப்போடு நான் டாங்க் மாட்டிய வீடுகளைத் தேடினேன். சில வீடுகளிலிருந்து சொட்டுகிறது, சொட்டுகிறது என்று இன்னமும் போன் வந்துகொண்டிருந்தது. அவர்களைப் பற்றிக் கவலையில்லை என்று ஓரமாக வைத்தேன். சில வீடுகளில் ஒன்றிரண்டு தடவை புகார் சொல்லிவிட்டுப் பிறகு சத்தமே இல்லை. தொல்லை விட்டது என்று அந்த நாளில் நான் நினைத்த வீடுகள் அவை. அப்படி ஏழு வீடு தேறியது.

மறுநாள் காலையில் மூடிகளைக் கழற்றுகிற ரெஞ்சை எடுத்துக்கொண்டு முதலில் அடையாறுக்குப் போனேன். மணியடித்ததும் ஒரு அம்மா கதவைத் திறந்து, என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நாங்க கம்ப்ளெய்ன்ட் எதுவும் பண்ணலையே?"

"அதனாலதாம்மா வந்தேன்," என்றேன்.